வரலாற்றில் மார்கழி: பட்டியலில் இல்லாதவை



"வரலாற்றில் இந்த மாதம்" என்று ஒரு பட்டியல் போடுவோம் என்று நாங்கள் முடிவெடுத்தபோது, அது சுலபமான வேலை என்றுதான் நினைத்தோம். ஆளுக்கு ஐந்து நாள் பிரித்துக்கொண்டோம். வட்சப் குழுவில் திகதிகள் வந்து குவிந்தன. இரண்டே நாளில் நாற்பதுக்கும் மேல்: பிறந்தநாட்கள், இறந்தநாட்கள், போர்கள், கண்டுபிடிப்புகள், விபத்துகள். எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வாசித்துக் காட்டியபோது, எங்களுக்குள் வயது குறைந்தவர் ஒரு கேள்வி கேட்டார்: "சரி, இதை வாசிச்சு என்ன செய்யிறது?"

ஒருவருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. பொது அறிவுப் போட்டிக்கு உதவும் என்று ஒருவர் சொன்னார். அது உண்மைதான், ஆனால் அதற்கு ஏற்கெனவே புத்தகங்கள் இருக்கின்றன. கடைசியில் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அதில் ஏழெட்டு நாட்களை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம். இந்த நாளைப் பற்றி ஒற்றை வரியில் எழுதும்போது எது விடுபட்டுப் போகிறது? அந்தத் தேடலில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

அதற்கு முதல் ஒரு பெயர்ச் சிக்கல். எங்கள் ஊர்களில் டிசம்பரை மார்கழி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அழைப்பிதழிலும் மரண அறிவித்தலிலும் அப்படித்தான் அடிக்கிறார்கள். ஆனால் தமிழ் நாட்காட்டியில் மார்கழி பிறப்பது டிசம்பர் நடுப்பகுதியில். ஆகவே டிசம்பர் 11 பிறந்த பாரதி, கணக்குப் பார்த்தால் கார்த்திகைக்காரர்! இந்தக் குழப்பம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. ஐசக் நியூட்டன் 1642 டிசம்பர் 25, நத்தார் தினத்தில் பிறந்தார் என்று படித்திருப்பீர்கள். அது அப்போது இங்கிலாந்து பயன்படுத்திய பழைய நாட்காட்டி. இன்றைய நாட்காட்டிப்படி அவர் பிறந்தநாள் 1643 ஜனவரி 4. திகதி என்பது மனிதர்கள் போட்டுக்கொண்ட கோடு. இந்தக் கட்டுரையில் மார்கழி என்றால் டிசம்பர்தான், எங்கள் வழக்கப்படி.

டிசம்பர் 1, 1955: ஒரு பஸ் இருக்கை

பட்டியல் சொல்வது: அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மொன்ட்கொமறி நகரில், ஒரு வெள்ளையருக்காக பஸ் இருக்கையிலிருந்து எழும்ப மறுத்த றோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார்.

பெரும்பாலும் அவரை வேலை முடிந்து களைத்துப்போன ஒரு தையல்காரப் பெண்ணாகத்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அவர் தையல் வேலை செய்தவர்தான். ஆனால் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பிருந்தே கறுப்பின மக்களின் உரிமை அமைப்பொன்றின் உள்ளூர்க் கிளைச் செயலாளராக இருந்தவரும் அவர்தான். எழும்பாமல் இருந்தது அன்று திடீரென்று வந்த கோபம் அல்ல.

இன்னொன்றும் விடுபட்டுப் போகிறது. அதே வருடம், அதே நகரில், மார்ச் மாதத்திலேயே 15 வயது மாணவி ஒருவர் இருக்கையை விட்டு எழும்ப மறுத்துக் கைதாகியிருந்தார். பெயர் குளோடெற் கொல்வின். பஸ்ஸில் இனம் பிரிப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்புப் பெற்றுத் தந்த வழக்கின் மனுதாரர்களில் அவரும் ஒருவர். றோசா கைதான இரவு, ஜோ ஆன் றொபின்சன் என்ற ஆசிரியை விடிய விடிய ஆயிரக்கணக்கான துண்டுப்பிரசுரங்களை அச்சடித்தார். அதன் பிறகு 381 நாட்கள் அந்த நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். முன்னால் நின்று பேசிய மாட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது 26. பட்டியலில் இருப்பது ஒருவரின் பெயர். நடந்தது ஒரு நகரமே.

டிசம்பர் 3, 1984: போபால்

பட்டியல் சொல்வது: இந்தியாவின் போபால் நகரில் யூனியன் கார்பைட் பூச்சிகொல்லித் தொழிற்சாலையிலிருந்து நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தனர்.

கசிந்தது மெதில் ஐசோசயனேற், ஏறக்குறைய 40 தொன். டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி, ஊர் உறங்கிக்கொண்டிருந்தபோது அது நடந்தது. அந்தத் திரவத்தைக் குளிராக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டி மாதக்கணக்காக நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரமும் அன்று வேலை செய்யவில்லை. ஆகவே "விபத்து" என்ற சொல்லை நாங்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

இறந்தவர்கள் எத்தனை பேர்? அரசு முதலில் சொன்னது 2,259. பிறகு அது 3,787 ஆனது. அங்கு வேலை செய்த அமைப்புகள் இதைவிடப் பல மடங்கு என்கின்றன. எண்ணிக்கைதான் தெரியும், பெயர் தெரியாது என்பது ஒரு கவலை. இங்கே எண்ணிக்கைகூட உறுதியாகவில்லை. அதைவிடப் பெரிய விடயம் ஒன்று: வேலிக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டு வாழ்ந்த சனங்களுக்கு, உள்ளே என்ன இருக்கிறது, வந்தால் என்ன செய்யவேணும் என்று ஒருவரும் சொல்லி வைத்திருக்கவில்லை. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வருவோம்.

டிசம்பர் 10, 1948: பரிசில் ஒரு பிரகடனம்

பட்டியல் சொல்வது: ஐக்கிய நாடுகள் பொதுச்சபை உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது.

ஆதரவாக 48 நாடுகள், எதிர்ப்பு ஒன்றும் இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் இருந்தன. மொத்தம் 30 உறுப்புரைகள். முதலாம் உறுப்புரையில் எல்லா ஆண்களும் என்று பொருள்படும்படி இருந்த ஆங்கிலச் சொற்களை எல்லா மனிதர்களும் என்று மாற்ற வைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. ஒரு சொல்லை மாற்றியதற்காக நினைவுகூரப்பட வேண்டியவர்.

இலங்கை அன்று வாக்களித்ததா? இல்லை. சுதந்திரம் கிடைத்து பத்து மாதம் ஆகியும் நாங்கள் ஐ.நா. உறுப்பு நாடாக இருக்கவில்லை. உறுப்புரிமை கிடைத்தது 1955 டிசம்பர் 14, அதுவும் ஒரு மார்கழி.

அந்தப் பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை, ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்கிறது. அது பரிசில் நிறைவேறுவதற்குச் சரியாக 25 நாட்களுக்கு முன்னர், 1948 நவம்பர் 15 அன்று, இலங்கையில் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையகத் தமிழர்களில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அதனால் நாடற்றவர்கள் ஆனார்கள். கொழுந்து பறித்தவர்களும் பாலம், பாதை போட்டவர்களும் எந்த நாட்டுக்காரர்கள் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். அந்தப் பிரச்சினை சட்டப்படி முழுமையாகத் தீர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 10 வந்தால் மனித உரிமைகள் தினச் சுவரொட்டிகள் ஒட்டுகிறோம். நவம்பர் 15 எந்தப் பட்டியலில் இருக்கிறது?

மூன்று பிறந்தநாட்கள்

எங்கள் பட்டியலில் பிறந்தநாட்கள்தான் அதிகம். அவற்றில் மூன்று.

டிசம்பர் 18, 1822, நல்லூர்: ஆறுமுக நாவலர். அவர் இறந்ததும் மார்கழியில்தான், 1879 டிசம்பர் 5. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவியவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். பாடப்புத்தகம், அச்சுக்கூடம், பதிப்பு, தெளிவான உரைநடை என்று இன்று நாங்கள் தமிழ் வாசிக்கும் முறைக்கே அவர் கை பட்டிருக்கிறது. 1870களின் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வைத்துப் பசி தீர்த்தவர். அதே நேரம் சாதி வேறுபாட்டை அவர் கேள்வி கேட்கவில்லை, அதை ஏற்றே எழுதினார் என்ற விமர்சனமும் நியாயமானது. பிறந்தநாள் வாழ்த்தில் முதல் பாதி மட்டும் வரும். இணையச் சண்டையில் இரண்டாம் பாதி மட்டும் வரும். இரண்டையும் ஒரே மனிதரில் வைத்துப் பார்க்கப் பழகுவதுதான் வரலாறு படிப்பது என்று நாங்கள் நினைக்கிறோம்.

டிசம்பர் 11, 1882, எட்டயபுரம்: சுப்பிரமணிய பாரதி. அவர் இறந்தது 1921 செப்டெம்பரில், 38 வயதில். அவர் எழுதியவை பல சிதறிக் கிடந்தன. அவை புத்தகமாக வெளிவர, அவர் இறந்த பிறகு முதலில் பாடுபட்டவர் மனைவி செல்லம்மா. பாரதியை மேடையில் முழங்கும் நாங்கள், செல்லம்மா பிறந்தநாளை எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை.

டிசம்பர் 22, 1887, ஈரோடு: கணிதமேதை இராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக ஒன்று சொல்லவேணும்: இராமானுஜன் கல்லூரியில் பெயிலானவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்களைப் படிக்காததால் புலமைப்பரிசிலை இழந்தார். சென்னைத் துறைமுகத்தில் கிளாக் வேலை பார்த்துக்கொண்டே 1913இல் கேம்பிரிட்ஜின் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1918இல் றோயல் சொசைட்டி உறுப்பினர். 1920இல், 32 வயதில் இறந்தார். பரீட்சையில் தோற்றால் எல்லோரும் மேதை ஆகலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பரீட்சை அளக்கிற சாமானும் மனிதரிடம் இருக்கிற சாமானும் எப்போதும் ஒன்றல்ல என்பதுதான். அவருடைய மனைவி ஜானகி 1994 வரை வாழ்ந்தார். நீண்ட காலம் தையல் வேலை செய்து தன்னைப் பார்த்துக்கொண்டார். இந்த மாதத்தின் இரண்டாவது தையல்காரப் பெண் இவர்.

இங்கேதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. பட்டியலில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. இறந்தவர்களில் பெரும்பாலானோர் வெறும் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். கடைசி இரண்டு நாட்களிலும் இதுதான் கதை. இரண்டிலும் ஒரு ரயில் இருக்கிறது, ஒரு கடல் இருக்கிறது.

டிசம்பர் 22, 1964: தனுஷ்கோடி

தலைமன்னாரிலிருந்து பார்த்தால் அக்கரை தனுஷ்கோடி. ஒரு காலத்தில் கொழும்பில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் மாறி, தனுஷ்கோடியில் மீண்டும் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போகலாம். 1914இல் பாம்பன் பாலம் திறந்ததோடு தொடங்கிய பாதை அது. பெரியவர்கள் போட் மெயில் என்று சொல்வது இதைத்தான். படிக்க, வியாபாரம் செய்ய, கோயிலுக்குப் போக, படம் பார்க்கக்கூட எங்கள் ஆட்கள் அந்த வழியால் போனார்கள்.

1964 டிசம்பர் 22 அன்று ஒரு பெரும் புயல் இலங்கையின் வடக்கை அடித்துக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியில் விழுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலைக் கடல் அப்படியே இழுத்துக்கொண்டது. உள்ளே இருந்த நூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் தப்பவில்லை. ரயில் நிலையம், தபால் நிலையம், தேவாலயம், வீடுகள் எல்லாம் போய்விட்டன. அந்த ஊர் மீண்டும் எழும்பவே இல்லை. பாம்பன் பாலத்தை 46 நாட்களில் திருத்தினார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் திரும்பி வரவில்லை. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது, 1980களில் போர் வந்தபோது அதுவும் நின்றது.

டிசம்பர் 26, 2004: காலை

அன்று ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அப்போதைய இலங்கை நேரப்படி காலை 6.58க்கு சுமாத்திராவுக்கு அப்பால் கடலுக்கடியில் நிலம் நடுங்கியது. அளவு 9.1. அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. தெற்கே பெரலியவில், கொழும்பிலிருந்து வந்த ரயில் முதல் அலையில் நின்றுபோனது. அது பாரமான பெட்டி, பாதுகாப்பு என்று நினைத்து ஊர்ச் சனங்களும் அதில் ஏறினார்கள். 9.30 அளவில் அடுத்த அலை அதைப் புரட்டிப் போட்டது. குறைந்தது 1,700 பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிடப்படுகிறது. உலகத்திலேயே மிக மோசமான ரயில் அனர்த்தம் அது.

நிலம் நடுங்கி இரண்டரை மணித்தியாலம். கிழக்கில் கல்முனையும் கல்லடியும் நாவலடியும் வடக்கில் முல்லைத்தீவும் ஏற்கெனவே அலைக்குள் போய்விட்டன. ஆனாலும் அந்த ரயிலை நிறுத்தச் சொல்லும் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. பசிபிக் கடலுக்கு 1949இலிருந்தே எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு ஒன்றும் இல்லை. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல். அவர்களில் பெண்களும் பிள்ளைகளும் கூட. போபாலில் கேட்ட அதே கேள்வி இங்கேயும் நிற்கிறது: ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

சொல்லியிருந்தால்? அதற்கும் அன்றே பதில் இருந்தது. நடுக்கம் எடுத்த இடத்துக்கு மிக அருகில் சிமெலுவே என்றொரு இந்தோனேசியத் தீவு. சனத்தொகை ஏறக்குறைய 78,000. அலை சில நிமிடங்களிலேயே வந்துவிட்டது. இறந்தவர்கள் 7 பேர். அவர்களிடம் கருவி இல்லை, சைரன் இல்லை. ஒரு சொல் இருந்தது: ஸ்மோங். 1907இல் அந்தத் தீவை ஒரு பேரலை அழித்தது. தப்பியவர்கள் அதைக் கதையாகவும் பாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். பெரிதாக நிலம் நடுங்கி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு. அந்தப் பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, யாரோ "ஸ்மோங்!" என்று கத்த, ஊரே ஓடியது.

தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி, இரண்டு கிழமைக்கு முன் புவியியல் பாடத்தில் படித்ததை வைத்துக் கடலின் நுரையைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அங்கிருந்த நூறு பேரளவில் காப்பாற்றினாள். ஒரு பாட்டு, ஒரு பாடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களிடம் சொல் இருக்கவில்லையா? இருந்தது. கடற்கோள். சிலப்பதிகாரமும் மணிமேகலையும் கடல் கொண்ட நிலத்தைப் பற்றிச் சொல்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட கதையை ஓ.எல். தமிழில் நாங்களும் படித்திருக்கிறோம். ஆனால் அந்தச் சொல் புத்தகத்தில் இருந்தது, கடற்கரையில் இருக்கவில்லை. புகார் அழிந்த கதை எங்களுக்குத் தெரியும். கடல் பின்வாங்கினால் என்ன செய்யவேணும் என்பது தெரியாது. அன்று காலை கடல் வற்றியதைப் பார்த்து, மீன் பொறுக்கலாம் என்று கிட்டப் போனவர்கள் இருந்தார்கள். அது அவர்களுடைய பிழை இல்லை. அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு வசனம் நடுவழியில் எங்கேயோ தொலைந்திருந்தது.

எங்களில் ஒருவரின் அம்மம்மா கிழக்குக் கரையில் இருக்கிறா. 2004இல் தப்பியவர். இத்தனை வருடமாக மார்கழி 26 வந்தால் விளக்கேற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவா. இந்தக் கட்டுரைக்காகக் கேட்டபோதுதான் முதல் முறையாக முழுதாகச் சொன்னா. பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன. ஆர் ஆரோடு ஓடினது, ஆர் சின்னப்பிள்ளையைத் தூக்கத் திரும்பிப் போனது, ஆர் வரேல்ல. இந்தப் பெயர்களை இங்கே போட மாட்டோம், அவை அந்தக் குடும்பங்களுக்கு உரியவை. ஆனால் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். கடைசியில் அவ பேரனைப் பார்த்துச் சொன்னது இது: "மனே, கடல் உள்ளுக்கு இழுத்தா பார்த்துக்கொண்டு நிக்காத. மேட்டுக்கு ஓடு. உன்ர பிள்ளைக்கும் சொல்லு."

இன்று எச்சரிக்கைக் கோபுரங்கள் இருக்கின்றன, கைபேசிக்குச் செய்தி வருகிறது. அவை வேணும். ஆனால் கோபுரம் வேலை செய்யாத நாளும் வரும், கரண்ட் இல்லாத இரவும் வரும். போபாலின் குளிரூட்டி மாதிரி. அப்போது மிஞ்சுவது வாயால் சொல்லி வந்த வசனம் மட்டும்தான்.

"இதை வாசிச்சு என்ன செய்யிறது?" என்று கேட்டவர் 2004க்குப் பிறகு பிறந்தவர். வருடா வருடம் காலை 9.25க்கு வருகிற இரண்டு நிமிட மௌனம்தான் அவருக்குத் தெரிந்த சுனாமி. அவருக்கு எங்கள் பதில் இதுதான்: மௌனம் முடிந்த பிறகு கதைக்கவேணும். இந்த மார்கழியில் வீட்டில் இருக்கிற வயது போன ஒருவரிடம் ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். 2004ஆக இருக்கலாம், 1978 மட்டக்களப்புச் சூறாவளியாக இருக்கலாம், போட் மெயிலில் போன பயணமாக இருக்கலாம், குடியுரிமை கிடைத்த நாளாக இருக்கலாம். பெயர்களை எழுதுங்கள். அவர் சொல்லித் தருகிற வசனத்தையும் எழுதுங்கள். பிறகு உங்களைவிடச் சின்னவர் ஒருவருக்கு வாயால் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் தையோடு சந்திப்போம்.